மாந்தோப்பில் கூடிய மகாசபை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் தென்கரை நாட்டை உதயமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் போட்ட உத்தரவை மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாற்றிவிடுவான். குதிரைகள் மேல் வைத்த பிரியம் மட்டும் மாறாது. அந்தக் குதிரைகள்தான் இரண்டு வருஷமாக வயிறு உப்பிச் செத்துக்கொண்டிருந்தன.

காரணம் கண்டுபிடிக்க மகாசபை கூட்டினான். மூன்று நாள் சபையில் இரண்டரை நாள் ஆஸ்தான வித்வான் மங்களநாதரே பேசினார். குதிரையின் சுழி, நிறம், பிறந்த நட்சத்திரம் என்று ஒன்றையும் விடவில்லை. பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். மறுநாள் இன்னும் இரண்டு குதிரை செத்தது.

மந்திரி அம்பலவாணர் ராஜாவிடம் சொன்னார்: "அரசே, பேசுகிறவரை நாம் பொறுக்கி எடுக்கிறோம். விஷயம் தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார்."

மாந்தோப்பில் எல்லாரையும் கூட்டிப் பார்க்கலாம் என்றார். பேச்சாளரும் கிடையாது, தலைப்பும் கிடையாது. மனசில் குறையோ கேள்வியோ உள்ளவர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சொல்ல வேண்டியது. பிடித்தவர் கேட்கலாம். பிடிக்காதவர் அடுத்த மரத்துக்கு எழுந்து போகலாம், அது அவமரியாதை ஆகாது.

"நான் பேசும்போதும் எழுந்து போகலாமா?" என்று ராஜா கேட்டான்.

"போகலாம், அரசே."

அதைப் பார்த்தே தீரவேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது.

மங்களநாதருக்கோ வயிறு எரிந்தது. சந்தைக் கூட்டம் காரணம் சொல்லுமா? கூடும் நாளில் பொழுது சாய்வதற்குள் கூட்டம் அதைக் கண்டுபிடிக்காவிட்டால் அம்பலவாணர் பதவியையும் நாட்டையும் விட்டுப் போகவேண்டும் என்று பந்தயம் வைத்தார். மந்திரி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

குறித்த நாளில் தோப்பு நிறைந்தது. மங்களநாதரும் ஒரு மரத்தடியைப் பிடித்துக் குதிரைச் சுழியை ஆரம்பித்தார். முதலில் இருபது பேர் இருந்தார்கள். ஐந்தாவது சுலோகத்தில் மூன்று பேர். அப்புறம் ஒரு ஆடு. அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. மற்றவர்கள் என்னதான் உளறுகிறார்கள் என்று பார்த்து ராஜாவிடம் கோள் சொல்லலாம் என்று கிளம்பினார்.

ஒரு மரத்தடியில் புல்லறுக்கும் பெண்கள். மலையடிவாரத்தை ராஜா வேட்டைக்கென்று அடைத்ததிலிருந்து மேற்கு வாய்க்கால் கரையில்தான் அறுக்கிறோம், கையெல்லாம் அரிக்கிறது என்று புலம்பினார்கள். மங்களநாதருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஏன் அரிக்கிறது என்று தெரியாமல் நகர மனசு வரவில்லை. கேட்டுப் பார்த்தார். அவர்களுக்கும் தெரியவில்லை.

அடுத்த மரத்தடியில் சாயக்காரர்கள். குளத்துப் பக்கம் ஊரார் விரட்டிவிட்டதால் சாயக்கழிவை மேற்கு வாய்க்காலில் விடுகிறார்களாம், அங்கே மீனெல்லாம் சாகிறதாம். வேறு எங்கே விடுவது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல சபை இது," என்று மங்களநாதர் நக்கலடித்தார். "குதிரைக்குக் காரணம் கேட்டால் அங்கே அந்த வாய்க்கால் புல்லு கையை அரிக்குதாம், இங்கே மீன் செத்துப்போச்சாம்."

வேம்பன் என்ற சாயக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் புல்லு எங்க போகுது சாமி?"

"அரண்மனை லாயத்துக்கு."

சொன்ன பிறகுதான் மங்களநாதருக்கே உறைத்தது. சாயக்கழிவு ஊறிய புல்லைத்தான் குதிரைகள் தின்கின்றன! அடுத்த நிமிஷமே, தோப்பு முகப்பில் மந்திரியோடு இருந்த ராஜாவிடம் ஓடி நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னார். "காரணத்தைக் கண்டது நான், இந்தக் கூட்டம் இல்லை. மந்திரி தோற்றுவிட்டார், அரசே."

ராஜா மந்திரியைப் பார்த்தான். அம்பலவாணர் நிதானமாகவே சொன்னார். "அவர் கண்டதாகவே இருக்கட்டும். மகாசபையில் இரண்டரை நாள் பேசியும் தெரியாதது இன்றைக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேளுங்கள்."

"அதுவா? மரத்துக்கு மரம் போனேன், அவங்க பேசினதைக் கேட்டேன்…" என்று ஆரம்பித்த மங்களநாதர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "அதைத்தானய்யா மந்திரி செய்யச் சொன்னார்."

முத்துமாலையை மந்திரிக்குப் போட்டான். மலையடிவாரத்தை அடைத்தது தன் தப்பு என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டு அப்போதே திறந்துவிடச் சொன்னான். மங்களநாதருக்கும் ஓர் உத்தரவு: இனி சபையில் வாய் திறந்தால் கேள்வி மட்டும்தான் வரவேண்டும்.

மங்களநாதர் தலையைக் குனிந்துகொண்டு தோப்புக்குள் திரும்பினார். வேம்பனிடம் போய், "அப்போ அந்தச் சாயத் தண்ணியை எங்கேதான் விடறது?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.