உடலும் கரையும்

“நான் அமைத்த தேடல் பொய் சொல்கிறது, அம்மா.”

சொன்னவர் அறவாழி. பட்டுக்கடையில் முப்பது ஆண்டுகள் புடவை விரித்துக் காட்டியவர். கடை இணையத்துக்குப் போனபின், தன்னைவிட இருபது வயது இளையவளான இசைவாணியிடம் கணினி கற்க அமர்ந்தவர்.

“யாரிடம் சொன்னது?”

“தேவகோட்டைப் பெண்மணி ஒருவரிடம். தாயின் நினைவு நாளுக்குப் புடவை வைத்துப் படைக்க வேண்டும். அந்த அம்மாள் உடுத்தியது போலவே. உடல் கடுகு மஞ்சள், கரை அரக்கு. அப்படியே குறித்துத் தேடினார். ஒன்றே ஒன்று வந்தது. மடிப்பின் படத்தில் இரு நிறமும் தெரிந்தன. வாங்கிப் பிரித்தால், உடல் அரக்கு, கரை மஞ்சள்.”

“நாள் எப்போது?”

“இன்னும் ஒன்பது நாள்.”

“புடவைகளை எப்படிப் பதிந்தீர்கள்?”

“நெசவாளர் ஒவ்வொருவரும் ஒரு புதுப் பண்பைக் கொண்டுவருகிறார். கரை, முந்தானை, புட்டா, சரிகை. எல்லாவற்றுக்கும் தனிக் கட்டம் போட்டு மாளாது. ஆகவே ஒவ்வொரு புடவைக்கும் பண்புகளின் பெயர்களை ஒரு பட்டியலில் வைத்தேன். நிறங்களை இன்னொரு பட்டியலில் வைத்தேன். கேட்டவை இரண்டிலும் இருந்தால் புடவை வரும். எதுவும் விட்டுப்போகவில்லை.”

“விரிப்பில் அமர்ந்து விற்ற காலத்தில் எப்படித் தேடினீர்கள்?”

அவர் முகம் மலர்ந்தது.

“தேடுவதா? கேட்டவர் வாய் மூடுமுன் கை அடுக்குக்குப் போய்விடும். ஓர் உதறல். உடலும் கரையும் முந்தானையும் ஒன்றாக வந்து மடியில் விழும். அந்தச் சலசலப்புக்கே பாதிப் பேர் விலை கேட்க மறந்துவிடுவார்கள்.”

“பெருமை போதும். வாசலுக்கு வாருங்கள்.”

முகூர்த்த மாதம். வாசலில் நாற்பது ஜோடிச் செருப்புகள் கிடந்தன.

“இடக்கால் செருப்புகளை இங்கே குவியுங்கள். வலக்கால் செருப்புகளை அங்கே.”

“வந்தவர்கள் திட்டுவார்களே.”

“ஏன்? ஒன்றும் தொலையாதே.”

குவித்தார்.

உள்ளிருந்து வந்த ஒரு பெண் இரு குவியலையும் பார்த்து இடுப்பில் கை வைத்தாள். “எந்தப் புண்ணியவான் செய்த வேலை இது?”

அறவாழி குனிந்து, ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைத்தார். கடைசி ஜோடி சேர்ந்ததும் நேரே கணினியின் முன் போய் உட்கார்ந்தார்.

மாலைக்குள் ஒவ்வொரு பண்பின் பெயரும் தன் நிறத்தோடு ஒரே பட்டியலில் நின்றது. மீண்டும் தேடினார். உடல் கடுகு மஞ்சள். கரை அரக்கு.

“ஒன்றுமே இல்லை, அம்மா.”

“அந்தப் பெண்மணியை அழைத்துச் சொல்லுங்கள்.”

தொலைபேசியை எடுத்தார். விரிப்பைவிட்டு எழுந்த நாள் முதல் அவர் வாயில் வராத பேச்சு, தானாக வந்தது.

“எங்களிடம் இல்லை, தாயே. எதிர்க்கடையில் இருக்கும். எண் தருகிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.”