நாய் மூக்கு நனைந்த கதை

அந்தக் காலத்தில், நாயும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, நாயின் மூக்கு பானை ஓடு மாதிரி காய்ந்துதான் கிடக்கும். அதற்குக் கண்தான் எல்லாம்.

குன்றடி என்ற ஊரில் மாசானம் என்பவர் வருஷாவருஷம் அறுப்பு முடிந்ததும் ஊருக்கே விருந்து வைப்பார். பந்தல் வாசலில் அவருடைய நாய் செவலை உட்கார்ந்திருக்கும். வருகிறவர் முகத்தை அது நிமிர்ந்துகூடப் பார்க்காது, காலைத்தான் பார்க்கும். செருப்புக் கால் வந்தால், "முதல் பந்திக்குப் போங்க" என்று வாலை ஆட்டும். வெறுங்கால் என்றால் அடுத்த பந்தி. சேற்றுக் காலுக்குப் பந்தலுக்கு வெளியேதான் இடம். ஆளை எடைபோடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று செவலைக்குக் கொஞ்சம் தலைக்கனம். அது தப்பென்று யாரும் சொல்லவில்லை. செருப்புக்காரர்கள் எதற்குச் சொல்லப் போகிறார்கள்?

ஒரு வருஷம், முழங்கால்வரை சேறு அப்பிய ஒரு பெண் வந்தாள்.

"ரொம்பத் தூரம் நடந்து வந்திருக்கேன். பசிக்குது" என்றாள்.

"அப்படி ஓரமா நில்லும்மா. எல்லாரும் சாப்பிட்டு எந்திரிக்கட்டும்" என்றது செவலை.

நாலு பந்தி முடிந்தது. அண்டா கழுவுகிற சத்தம் கேட்டதும் அவள் நடையைக் கட்டினாள். வானத்து மேகமெல்லாம் கன்றுக்குட்டிகள் மாதிரி அவள் பின்னாலேயே போயின. செவலைக்கு முதுகு மயிர் சிலிர்த்துக்கொண்டது. வந்தவள் மழை. ஊர் ஊராக வயலில் இறங்கி நடக்கிறவள் காலில் சேறு இல்லாமல் சந்தனமா இருக்கும்?

அதன்பிறகு மூன்று வருஷம் ஒரு துளி விழவில்லை. மூன்றாம் வருஷம் செவலை ஈன்ற நாலு குட்டிகளில் மூன்று பால் இல்லாமல் செத்தன. மிஞ்சியது எழுந்து நிற்க முடியாமல் கிடந்தது. தான் விரட்டிவிட்டவளைத் தானே தேடிப் பிடிப்பதென்று செவலை புறப்பட்டது.

வழியெல்லாம் பஞ்சம் பிழைக்கப் போகிற கூட்டம். செருப்பை விற்றுக் கஞ்சி குடித்திருந்தார்கள். எல்லார் காலிலும் ஒரே புழுதி. இதில் எது மழையின் கால்? இத்தனை நாள் படித்த வித்தை ஒன்றுக்கும் உதவவில்லை. புழுதியில் கண்ணும் எரிந்து மூடிக்கொண்டது. வேறு வழியில்லாமல் செவலை முதல் தடவையாக மூக்கைத் தூக்கியது. முதல் பந்திக்காரரிடமும் கடைசிப் பந்திக்காரரிடமும் ஒரே வியர்வை, ஒரே பயம் வீசியது. அதற்கு நடுவே புதுமழை பட்ட மண்ணின் வாசம் லேசாக வந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போய் ஒரு பாறையடியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முன்னால் நின்றது.

"எப்படிக் கண்டுபிடிச்சே? இப்ப என் கால்ல சேறு இல்லையே" என்றாள் மழை.

"காலைப் பாக்கல தாயி, மோந்து பாத்தேன். நான் பண்ணினது தப்பு. என் குட்டி சாகக் கிடக்கு."

மழை எழுந்தாள். அவளோடு வானமும் எழுந்தது போலிருந்தது. மலைக்குப் பின்னாலிருந்து கருமேகம் திரண்டு வந்து பகலை மூடியது. செவலை நடுங்கிப்போய்த் தரையோடு ஒட்டிக்கொண்டது. அவள் குனிந்து ஈர விரலால் அதன் மூக்கைத் தொட்டாள்.

"இது இனிமே காயாது. போ, உன் குட்டி தண்ணி குடிக்குது."

அன்று முதல்தான் நாயின் மூக்கு ஈரமாக இருக்கிறது, யார் வந்தாலும் மோந்து பார்த்த பிறகே அது முடிவு செய்கிறது. காலைப் பார்த்து ஆளைப் பிரிக்கிற வேலையை அது விட்டுவிட்டுப் போனதால், அந்தப் பந்தல் வாசலில் நாம் வந்து உட்கார்ந்துகொண்டோம்.