ஏரி தெளியும் ஆண்டு

"மேடம், உங்க சமன்பாடு தப்பு."

சொல்லிவிட்டுக் குலசேகரன் உட்காராமல் நின்றார். பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பத்தெட்டு வயதில் கணிதம் படிக்க வந்திருந்தார். அவருடைய ஆசிரியை நசீமாவுக்கு முப்பத்தாறு.

செங்கழனி ஏரியில் விழும் சாக்கடைக் கால்வாயை அடைத்தால் மூன்றாம் ஆண்டு தண்ணீர் குடிக்கத் தகும் என்று நசீமாவின் சமன்பாடு சொன்னது. அடைத்தார்கள். இது மூன்றாம் ஆண்டு. வரும் திங்கட்கிழமை அந்தத் தண்ணீர் பதினொரு ஊர்களுக்குப் போக இருந்தது.

"எதை வச்சுச் சொல்றீங்க, சார்?"

அவர் ஒரு நோட்டை நீட்டினார். மூன்று வருஷமாக வாரம் தவறாமல் பரிசலில் போய் எடுத்த அளவுகள்.

"ரெண்டு வருஷம் நீங்க சொன்ன மாதிரியே சாக்கடையில வந்த பாஸ்பரஸ் குறைஞ்சுது. இந்தச் சித்திரையிலேருந்து ஏறுது. பாசியும் கட்டுது."

"கால்வாய் எங்கயாவது உடைஞ்சிருக்கா?"

"நடந்தே பார்த்துட்டேன். ஒரு சொட்டு வரல."

"கருவி?"

"ரெண்டு கருவியில பார்த்தேன். ரெண்டும் ஒண்ணாத்தான் காட்டுது."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

அவர் தலை குனிந்தார். "என் கைதான் பிசகியிருக்கும்னு நெனச்சேன். நீங்க எழுதின கணக்காச்சே."

நசீமா செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க, ஏரிக்குப் போவோம்."

நடு ஏரியில் பரிசலை நிறுத்தினார்கள்.

"தண்ணி எங்கேருந்து எடுப்பீங்க?"

"மேலேருந்துதான்."

நசீமா ஒரு பாட்டிலைக் கயிற்றில் கட்டி அடிவரைக்கும் இறக்கினார். மேலே வந்த தண்ணீர் அழுகிய முட்டைபோல நாறியது. அளந்து பார்த்தார்கள். பாஸ்பரஸ் மேல்தண்ணீரில் இருந்ததைப்போல ஒன்பது மடங்கு.

"முப்பது வருஷச் சாக்கடை சேத்துல தங்கியிருக்கு, சார். வெயில்ல அடித்தண்ணி காத்தில்லாமப் போனா சேறு அதைத் திருப்பி விட்டுடுது. மொத ரெண்டு வருஷம் கால்வாய் நின்னதால வந்த குறைச்சல் அதை மறைச்சுடுச்சு. நான் கால்வாயைக் கணக்குல வச்சேன். சேத்தை வைக்கல."

கரையில் உட்கார்ந்து சேற்றையும் சேர்த்துச் சமன்பாட்டைத் திரும்ப எழுதினார்கள். அதற்கு முதல் இரண்டு வருஷ அளவுகளை மட்டும் கொடுத்தார்கள். மூன்றாவது வருஷத்தைப் புதுக் கணக்கு தானாகவே சொல்லட்டும் என்று விட்டார்கள்.

சொன்னது. சித்திரையில் ஏறும் என்றது. ஏரி தெளிவது ஏழாம் ஆண்டு என்றது.

குலசேகரன் குரலைத் தாழ்த்தினார். "மேடம், இந்த வருஷம் வெயில் ஜாஸ்தின்னு சொல்லிடலாம். உங்க பேரு கெடாது. கணக்கை மெதுவாத் திருத்திக்கலாம்."

நசீமா அதற்குள் போனை எடுத்துவிட்டார். மறுமுனையில் குடிநீர் அதிகாரி.

"திங்கக்கிழமை திறக்காதீங்க, சார். என் கணக்கு தப்பு. குலசேகரன்னு என்கிட்ட படிக்கிறவர் கண்டுபிடிச்சார். பக்கத்துலதான் இருக்கார், என்னைவிட அவருக்கு ஏரியைத் தெரியும்."

குலசேகரன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

அதிகாரியின் கோபம் பரிசல்துறைவரை கேட்டது. "திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டாச்சும்மா! போன தடவை மூணு வருஷம்னீங்க. இப்ப ஏழுங்கறீங்க. இன்னும் எத்தனை தடவைதான் திருத்துவீங்க?"

நசீமா தண்ணீரைப் பார்த்தார்.

"ஏரி என் கணக்கைத் தப்புன்னு காட்டுற ஒவ்வொரு தடவையும், சார்."