சரியாக விழுந்த குத்து

துறைமுகத்துக்குப் போகும் சாலையில், பழைய கயிற்றுக் கிடங்கு ஒன்றின் மாடியில் ரெஜினா மாஸ்டரின் கராத்தே வகுப்பு நடந்தது. சுவரில் ஒரு மெடல் கிடையாது, கோப்பை கிடையாது. மாஸ்டர் யாரையும் போட்டிக்கு அனுப்புவதில்லை. பிள்ளைகளைச் சேர்க்க வரும் தகப்பன்மார் இதைக் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். மாஸ்டர் அவர்களைத் திரும்ப அழைத்ததும் இல்லை.

தங்கபெருமாள் இறங்கிப் போகவில்லை. அவருக்கு ஐம்பத்தொரு வயது, லாரி எடைமேடையில் குமாஸ்தா வேலை. மாஸ்டரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனால் அங்கே வரிசை வயதுப்படி அல்ல, சேர்ந்த தேதிப்படி. அவருக்கு ஒரு வாரம் முன்னால் சேர்ந்த பேங்கில் வேலை பார்க்கும் அம்மாவுக்குப் பின்னால், கடைசி ஆளாக நிற்பார். விறைத்த புது உடுப்பு, தொப்பைக்கு மேல் ஏறி நிற்கும் வெள்ளை பெல்ட். பார்க்கச் சிரிப்பு வரத்தான் செய்யும். அவர் முகத்தைப் பார்த்தால் அடங்கிவிடும்.

மூன்று மாதமாக அவர் கற்றது நிற்பது, நகர்வது, பிளாக். வருகிற கையை முன்கையால் தட்டிவிடுகிற பிளாக்கை ஒரு நாளைக்கு இருநூறு முறை செய்தார்.

"மாஸ்டர், பஞ்ச் எப்ப சொல்லித் தருவீங்க?"

"பிளாக்கே இன்னும் வரல, அண்ணாச்சி."

"எனக்கு பிளாக் வேண்டாம். பஞ்ச் போதும்."

"யாரை அடிக்கணும்?"

தங்கபெருமாள் பெல்ட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"என் மருமகன. கோயில் கொடைத் திருவிழா அன்னைக்கு, என் வீட்டு வாசல்ல வச்சு, என் மக வடிவைக் கன்னத்துல அறைஞ்சான். நான் பக்கத்துலதான் நின்னேன்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. அவ என்னையப் பாத்தா. பெறவு அவன் வண்டியில ஏறிப் போயிட்டா. ரெண்டு மாசம் கழிச்சு ஒத்தையில ஒரு பையோட திரும்பி வந்தா. அவ அம்மாகிட்ட பேசுதா. என்கிட்ட பேச்சே இல்ல."

"அவன அடிச்சா பேசுவாளா?"

"என்னைய ஒரு தடவ நிமிந்து பாத்தா போதும் மாஸ்டர்."

 பாவம் பார்த்தாரோ என்னவோ, மாஸ்டர் அடுத்த வாரமே முதல் கட்டாவைச் சொல்லிக்கொடுத்தார். எதிரே ஆள் இருப்பதாக எண்ணிக்கொண்டு தனியாகச் செய்யும் அசைவுகளின் வரிசைதான் கட்டா. முதலில் பிளாக், பிறகு ஒரு அடி முன்னால் வைத்துப் பஞ்ச். அந்த வகுப்பில் எந்தக் கட்டாவும் பஞ்சில் ஆரம்பிக்காது.

தங்கபெருமாள் வீட்டு மொட்டைமாடியில் தினமும் பழகினார். கால் சரியாக விழுந்தது. இடுப்பு திரும்பியது. பஞ்ச் கொடியில் தொங்கும் ஈரத்துணியை அறைந்து தள்ளியது. பிளாக்குக்கு மட்டும் கையைப் பேருக்கு ஒரு தூக்குத் தூக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். கொஞ்ச நாளில் அந்தத் தூக்கலும் போயிற்று.

வகுப்பில் மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டார்.

"பாதிக் கட்டாவ உங்களுக்கு யாரு சொல்லித் தந்தது?"

"முக்கியமான பாதி வந்துட்டே, மாஸ்டர்."

மாஸ்டர் அவரை ஓரமாக நிற்கவைத்து மறுபடி பிளாக் போடச் சொன்னார். அவர் போட்டார். மனம் அதில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தான். கூடவே அவன் தாய்மாமனும் வந்தார். வடிவைக் கூட்டிப்போகப் பேச வந்திருந்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் தங்கபெருமாள் வகுப்புக்கு வந்தார். உடுப்பு மாற்றவில்லை. எல்லாரும் போகும்வரை படிக்குப் பக்கத்தில் நின்றார். அவருடைய வலது கை விரல் முட்டிகள் வீங்கியிருந்தன.

"அடிச்சிட்டேன் மாஸ்டர்."

மாஸ்டர் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"எப்படி விழுந்துச்சு?"

"சரியா விழுந்துச்சு. கால், இடுப்பு, எல்லாம் நீங்க சொன்ன மாதிரி. நாற்காலியோட சாஞ்சான். உதடு கிழிஞ்சிட்டு. அவன் மாமன்தான் தூக்கிட்டுப் போனாரு."

"நாற்காலியோடயா? அவன் எந்திரிக்கலயா?"

"இல்ல. காபி குடிச்சிட்டு இருந்தான்."



"வடிவு எங்க நின்னா?"



"அடிச்ச கையோட திரும்பி அவளத்தான் பாத்தேன். பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவுல ஒடுங்கி உக்காந்திருந்தா. ரெண்டு கையையும் தலைக்கு மேல வச்சிருந்தா. அவன் போனபெறவும் எடுக்கல. நான் ரெண்டு எட்டு கிட்டப் போனேன். இன்னும் ஒடுங்குதா, மாஸ்டர். என்னையப் பாத்து ஒடுங்குதா."

"இப்ப?"

"நான் வீட்டுல இருந்தா ரூம்ல உள்தாழ்ப்பாள் போட்டுக்கிடுதா. நான் வேலைக்குப் போனபெறவுதான் சாப்பிட வாறாளாம். கொடை அன்னைக்கு நான் அடிக்கல, தப்பு. இப்ப அடிச்சேன், இதுவும் தப்பா?"

 மாஸ்டர் அவர் முன்னால் வந்து நின்றார். கும்பிட்டார். தங்கபெருமாளும் பழக்கத்தில் குனிந்து கும்பிட்டார். நிமிர்வதற்குள் மாஸ்டரின் பஞ்ச் வந்தது. மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது.

தங்கபெருமாள் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குறுகி நின்றார்.

"நான் உங்கள அடிக்க மாட்டேன்னு தெரியும்லா?"

"தெரியும்."

"பெறவு எதுக்குத் தலைய மூடுனீங்க?"

"கை தானா போச்சு."

"உங்களுக்கு இது முதல் தடவ, அண்ணாச்சி. அவளுக்கு எத்தனாவது தடவைன்னு நமக்குத் தெரியாது."

தங்கபெருமாள் கைகளைக் கீழே இறக்கினார்.  அவருக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை.

"அவளுக்காகத்தான் அடிச்சேன்."

"அவனும் அப்படித்தான சொல்லியிருப்பான்?"

கொடை நாளில் வாசலில் நின்று, அறைந்த கையை உதறிக்கொண்டே, மருமகன் சொன்னது அதுதான். அவ நல்லதுக்குத்தான் மாமா என்றான். தங்கபெருமாள் அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மாடியில் காற்றே இல்லை. கீழே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அந்த பஞ்ச் நான் சொல்லித் தந்தது," என்றார் மாஸ்டர். "அதுல பாதிப் பழி என் தலையில."

"ஞாயித்துக்கிழம நான் வேற என்னதான் செஞ்சிருக்கணும், மாஸ்டர்?"

"அவங்க வந்து உக்காந்தபெறவு, நீங்க அடிக்கதுக்கு முன்னால, வடிவு என்ன செஞ்சா?"

தங்கபெருமாள் யோசித்தார். அந்த நேரத்தை அவர் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அவர் நினைவில் இருந்ததெல்லாம் மருமகனின் முகமும் தன் கையும்தான்.

"ரூம்ல இருந்து தானாத்தான் வெளிய வந்தா. கதவப் பிடிச்சிட்டு நின்னா. அவன் மாமன், கிளம்பும்மான்னு சொன்னாரு." நிறுத்தினார். "அவ ஏதோ சொல்ல வாயெடுத்தா."

"என்ன சொன்னா?"

"தெரியல. அதுக்குள்ள நான் அடிச்சிட்டேன்."

மாஸ்டர் துடைப்பத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி பெருக்கத் தொடங்கினார். தங்கபெருமாள் நின்ற இடத்தைச் சுற்றிப் பெருக்கினார். பாதிக் கூடம் முடிந்ததும் தங்கபெருமாள் கேட்டார்.

"இனி நான் என்ன பழகணும்?"

"கையத் தொங்கப் போட்டுட்டு, அந்த ரூமுக்கு வெளிய சும்மா உக்காரப் பழகுங்க."

"எதுவரைக்கும்?"

"அன்னைக்கு அவ சொல்ல வந்தத, அவளே சொல்லி முடிக்கிற வரைக்கும்."