பயத்துக்கும் ஓர் இடம்

"பசியை ஜெயிச்சுட்டேன், அம்மா. ஆனா மனசுதான் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது," என்றாள் உமையாள்.

அருளம்மை நிமிர்ந்து பார்த்தார். மலையடிவாரத்துப் பெண்கள் மடத்துக்கு அவர்தான் குரு. உமையாளைவிடப் பத்து வயதாவது இளையவர். அதனால் அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

"ஜெயிச்சவங்களுக்குச் சோத்தைப் பார்த்தா ஏன் கை நடுங்குது, அக்கா?"

உமையாள் கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். உச்சி வெயிலிலும் அவளுக்குக் குளிரும்.

முன்பு நாட்டியப் பள்ளி நடத்தியவள் அவள். இடுப்பு பெருத்துவிடுமோ என்று அப்போது தொடங்கிய பட்டினிக்கு, மடத்துக்கு வந்தபின் விரதம் என்று பெயர் வைத்துக்கொண்டாள். பெயர் மாறியதும் பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

குருவிடம் பேசிய அந்த வாரமே, சுனையிலிருந்து தண்ணீர் எடுத்து வரும்போது மயங்கி விழுந்தாள்.

குருவே அவளை ஊருக்குள் டாக்டரிடம் கூட்டிப்போனார். இதயம் தளர்ந்திருக்கிறது, இப்படியே போனால் தாங்காது என்றார் டாக்டர். எதை, எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை குரு தனக்கும் அவளுக்கும் இலை போட்டார்.

"முதல்ல இந்தப் பயம் போகட்டும், அம்மா. அப்புறம் சாப்பிடறேன்."

"அதுவும் பக்கத்துல உக்காந்திருக்கட்டும். நீங்க சாப்பிடுங்க."

இட்லியை விண்டு வாயில் வைத்தாள். கண்ணீர் வந்தது. குரு தேற்றவில்லை; கண்டிக்கவும் இல்லை. தன் இலையில் இருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் உமையாள் எழுந்தாள். தின்றதெல்லாம் கரையும்வரை மலையைச் சுற்றி வேகவேகமாக நடப்பது அவள் வழக்கம்.

"உக்காருங்க, அக்கா."

"உடம்பெல்லாம் ஊதற மாதிரி இருக்கு. நடக்கலைன்னா செத்துடுவேன்."

"நான் இருக்கேன். பார்க்கலாம்."

குரு ஒரு கூடைப் பூவை நடுவே வைத்தார். இருவரும் கட்டினார்கள். அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கூடையில் பாதி தீர்ந்தபோது படபடப்பு மெல்ல இறங்கியது.

அவள் சாகவில்லை.

ஒவ்வொரு வேளையும் இப்படியே நடந்தது. சில நாள் இலையை மூடிவிட்டு அழுதாள். ஒரு நாள் சோற்றை முந்தானையில் மறைத்தாள். குரு பார்த்தார். வேறு சோறு வைத்தார்.

மழைக்காலம் வந்தது. உமையாள் சுனைக்குப் போய்க் குடத்தோடு திரும்பி வந்தாள். பயம் மட்டும் போகவில்லை.

ஒரு மத்தியானம் குரு சாப்பிட வரவில்லை. பக்கத்து ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்தார்.

உமையாள் இலையின் முன் தனியாக உட்கார்ந்தாள். கேட்பாரில்லை. எழுந்து போய்விடலாம். வெளியே மலைப்பாதை காலியாகக் கிடந்தது.

நெடுநேரம் சோற்றையே பார்த்தாள். பிறகு பிசைந்தாள்.

சாயங்காலம் குரு திரும்பியதும் அவர் முன் போய் நின்றாள்.

"இன்னிக்கும் அந்தப் பயம் வந்துச்சு, அம்மா. கொஞ்சம்கூடக் குறையலை. நான் தேறவே மாட்டேனா?"

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"என்ன குழம்பு?"

"வத்தக்குழம்பு. உப்பு கொஞ்சம் தூக்கலா..."

உமையாள் பாதியில் நிறுத்திக் குருவைப் பார்த்தாள்.

"அதைச் சமையல்கட்டுல சொல்லிடுங்க, அக்கா," என்றார் அருளம்மை.