மாலை போட்ட படம்

இதை எனக்குச் சொன்னவள் என் மூத்த மகள் வசுமதி. இன்று மத்தியானம், கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தவள் பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து சொன்னாள்.

அவள் ஆபீசில் திருஞானம் என்று ஒருவர். வயது நாற்பத்தாறு. வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். இந்த வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு வந்து சேர்ந்தவர். சொல்லிக்கொடுப்பவள் நஸ்ரின். அவரைவிட ரொம்பச் சின்னவள். ஆனாலும் அவருக்கு அவள்தான் குரு. அவரை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று நாளைக்குச் சொல்லப்போகிறார்கள்.

ஒரு புடவைக்கடையின் வலைப்பக்கம் அவர் கையில் இருக்கிறது. முகப்பில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும். இப்போது முன்னால் இருப்பது எது என்று கண்டுபிடிக்க அவர் பக்கம் பக்கமாகப் புரோகிராம் எழுதியிருந்தார். அது ஒவ்வொரு படத்திடமும் போய், நடுவில்தான் நிற்கிறதா என்று அளந்து பார்க்கும். படம் பாதி நகரும்போது யாராவது அடுத்த படத்துக்கான பட்டனை அமுக்கினால், நடுவில் யாருமே இல்லை என்று திகைத்து நின்றுவிடும்.

கூட வேலை செய்யும் பெண்ணின் கல்யாணத்தில்கூட மனுஷர் பந்திக்குப் போகாமல் மடியில் லேப்டாப்போடு இருந்தாராம்.

"இன்னும் நாலு வரி சேர்த்தா சரியாயிடும் மேடம்."

"போன வாரமும் நாலு வரிதான் கேட்டீங்க சார்." நஸ்ரின் ஒரு பூங்கொத்தை நீட்டினாள். "இதை மாப்பிள்ளைகிட்ட கொடுத்துட்டு வாங்க."

"நான் அவரைப் பார்த்ததே இல்லையே."

"போங்க சார்."

மேடை காலியாக இருந்தது. மாப்பிள்ளை கீழே கூட்டத்துக்குள் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். திருஞானம் நேராகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கழுத்துல மாலை இருக்கே."

"மேடைக்கு நடுவுல இல்லையே. எல்லாரையும் அளந்து பார்த்தீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "கிண்டல் பண்றீங்க. படத்துக்கு ஏது மேடம் மாலை?"

நஸ்ரின் லேப்டாப்பில் மேலே போய் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். எந்தப் படத்தை முன்னுக்கு அனுப்பினாலும், அப்போதே அதற்கு ஓர் அடையாளம் வைக்கிற வரி. அவரே முதலில் எழுதியது.

"அது சரியா விழுந்திருக்குமோ என்னமோன்னு ஒரு பயம் மேடம். அதான் அளந்தேன்."

"மாலையைப் போட்டதே நீங்கதான் சார்."

அவர், அளப்பதற்கென்று எழுதியதை ஒவ்வொரு வரியாக அழிக்க ஆரம்பித்தாராம்.

இன்று சாயந்திரம் விளக்கேற்றும்போது, நாளைக்கு அவருக்கு வேலை நிலைக்கட்டும் என்று, திருஞானம் என்ற பேரையும் ஒரு தரம் சொல்லிக்கொள்ளுங்கள்.