மனசில் இருந்த நம்பர்

“இன்னும் எத்தனை தடவைங்க மேடம் அனுப்பிப் பாக்கறது?” என்று அலுத்துக்கொண்டார் செங்கோடன்.

ஈரோட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்கிற வேலை. கண்ணாடி தயாரானதும் வாடிக்கையாளருக்குத் தானாக எஸ்எம்எஸ் போக வேண்டும். செங்கோடனுக்கு ஐம்பது நெருங்குகிறது. மில் வேலை போனபிறகு இந்தத் தொழிலைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வந்தவர். கற்றுக்கொடுக்கிற நஸ்ரினுக்கு முப்பதைத் தாண்டியிருக்காது. அதிகம் பேசமாட்டாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸில் அவர்கள் இரண்டு பேர்தான்.

“யாருக்கு அனுப்புனீங்க?”

“எனக்கேதானுங்க.”

“நேத்து?”

“நேத்தும் எனக்குத்தானுங்க.”

“அதுக்கு முன்னாடி?”



வேறு யாருக்கு அனுப்புவார், பாவம்! கல்யாணம் கட்டாத மனுஷன். வீட்டுக்குப் போனால் சுவர்தான் பேச்சுத்துணை. இந்த வாரம் முழுக்க அவர் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. ‘உங்கள் கண்ணாடி தயார்.’ அவருக்கு அவரே அனுப்பியதுதான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

நஸ்ரின் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தார். அவள் அதை மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினாள்.

“இப்ப அனுப்புங்க.”

“யாருக்குங்க?”

“மெசேஜ் வரும்னு எதிர்பார்க்காத ஆளுக்கு.”

“உங்களுக்கு அனுப்பட்டுங்களா?”

“நான்தான் பாத்துட்டே உக்காந்திருக்கேனே.”

“நம்பரெல்லாம் போனுக்குள்ள இருக்குதுங்களே!”

“மனசுல இருக்கறதுக்கு அனுப்புங்கண்ணே.”

மனசில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தங்கச்சி சிந்தாமணியின் நம்பர். அவள் காலேஜில் சேர்ந்தபோது இவர்தான் கடை கடையாய் ஏறி இறங்கி, சுலபமாக ஞாபகம் இருக்கட்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தார்.

அந்த நம்பரிலிருந்துதான் வினையும் வந்தது. ‘அண்ணா, பாப்பாவுக்குக் காது குத்தறோம். வந்துரு’ என்று ஒரு மெசேஜ்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குழந்தைக்குக் காது குத்துவது? அந்த மாமனை நேரில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டாமா? ஒரு மெசேஜா? செங்கோடனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. போகவில்லை. பதிலும் போடவில்லை. அவளும் அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறதாம். வழியில் எதிர்ப்பட்டால் மாமனுக்கு அடையாளம் தெரியாது. அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஆனாலும் வீம்பு விடுகிறதா?

கம்ப்யூட்டரில் நம்பரை அடித்தார். அனுப்பிவிட்டார்.

திரையில் பச்சையாக வந்தது: டெலிவர்டு.

“போயிருச்சுங்க மேடம்!” தப்பித்தோம் பிழைத்தோம் என்று எழுந்துகொண்டார்.

“யார் சொன்னா?”

“கம்ப்யூட்டர்தான் சொல்லுதுங்களே.”

நஸ்ரின் டிராயரைத் திறந்தாள். போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“கேளுங்க.”

“வேண்டாங்க மேடம்.”

“வந்துச்சுன்னு அந்த ஆள் சொன்னாத்தான் வேலை முடியும்.”

“அது... பேசி ரொம்ப நாளாச்சுங்க.”

நஸ்ரின் எழுந்து ஃபேனை நிறுத்தினாள். அறையில் சத்தமே இல்லை.

செங்கோடன் போனை எடுத்தார். கீழே வைத்தார். திரும்ப எடுத்து அழுத்தினார்.

மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

“அம்மிணி... நாந்தான். உன்ற போனுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். கண்ணாடி தயார்னு இருக்கும். வேற ஒண்ணுமில்ல, ஆபீஸ் வேலை. அது வந்துச்சான்னு கேக்கச் சொன்னாங்க.”



“உன்னுது வந்துருச்சுண்ணா,” என்றாள் சிந்தாமணி. “என்னுது வந்துச்சா?”